தாழைக்கோழியும் நெகிழிப் புட்டியும்

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். தேரூர்க் குளத்தில் அவர் எடுத்த நீலத் தாழைக்கோழியின் படம் திரையில் இருந்தது. சுற்றிலும் கரிய இருள். நடுவே நீல இறகும் சிவந்த அலகுமாகப் பறவை மட்டும் மின்னியது. "எப்படி இருக்கு உஸ்தாத்?" என்றார். அழகாக இருக்கிறது என்றோம். பிறகு அசல் ரா கோப்பைத் திறக்கச் சொன்னோம். அதில் தாமரை இலைகளும் கோரையும் இருந்தன. பறவையின் காலருகே ஒரு நெகிழிப் புட்டியும் மிதந்தது.

(படம் எடுப்பது கூடுமா என்னும் ஃபிக்ஹ் விவாதத்துள் இங்கு நுழையவில்லை. கூடும் என்று கொண்டு கேமரா ஏந்துவோரின் பொறுப்பைப் பற்றியே பேசுகிறோம்.)

ரா கோப்பைத் திருத்துவதே பொய் என்பாரும் உளர். அதை நாம் ஏற்கவில்லை. 14 பிட் ரா கோப்பின் ஒவ்வொரு புள்ளியும் 16,384 ஒளிப்படிகள் வரை தாங்கும். ஜேபெக்கிலோ நிறமொன்றுக்கு 256 மட்டுமே. ரா கோப்பு தொடக்கத்தில் மங்கலாகத்தான் தெரியும். அதிலிருந்து பறவையைப் பிரித்துக் காட்டுவது நேர்மையான வேலையே. பறவைக்கு ஒரு மாஸ்க் இட்டு, அதைத் தலைகீழாக்கிப் பின்னணியின் ஒளியை மட்டும் அரை ஸ்டாப் குறைக்கலாம். பச்சையின் செறிவைச் சற்றுத் தணித்தால் நீலம் தானே எழும். இரைச்சல் நீக்கத்தைப் பின்னணிக்குக் கூட்டி, இறகுக்குக் குறைக்கலாம். மாஸ்க்கின் விளிம்பை மென்மையாக்காவிட்டால் மட்டும் பறவையைச் சுற்றி வெண்கோடு ஒன்று காட்டிக்கொடுத்துவிடும்.

செயற்கை மங்கலில்தான் சிக்கல் தொடங்குகிறது. பறவையின் காலும் அது மிதித்து நிற்கும் இலையும் லென்ஸிலிருந்து ஒரே தொலைவில் உள்ளவை. கால் தெளிவாகவும் இலை மங்கலாகவும் இருப்பின், அவ்வாறு எந்த லென்ஸும் காணவில்லை என்று பொருள். அந்த மங்கல் வேண்டுமெனில் குளக்கரையில் வயிறு படக் கிடந்து, துளையை அகலத் திறந்து எடுக்க வேண்டும். சட்டை சேறாகும், வேறு வழியில்லை.

இனி அந்தப் புட்டி. சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவினார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம். புட்டி மிதந்ததும் நம் மாணவரின் குற்றமன்று. ஆனால் சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே எடுக்கும் படத்தில் பறவை பாதி என்றால், அது வாழும் நீர் மறுபாதி. புட்டியை அழித்துவிட்டு 'தேரூரில் எடுத்தது' என்று எழுதினால், ஈரத்தை அடியில் தள்ளியவராகிறோம்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் படப் போட்டியில் 2017ஆம் ஆண்டுப் பரிசு ஒன்று மறு ஆண்டு பறிக்கப்பட்டது. படத்திலிருந்த எறும்புத்தின்னி பாடம் செய்யப்பட்ட உடல் என வல்லுநர்கள் முடிவுசெய்தனர், எடுத்தவர் மறுத்தார். முன்னும் பின்னும் எடுத்த ரா கோப்புகளை அவர் அளித்தார். அவற்றில் எறும்புத்தின்னி இல்லை.

மயிலாடியில் கல் கொத்தும் ஓசை நமக்குப் பழக்கமானது. உளி பெயர்த்த சில்லு மீண்டும் கல்லில் ஒட்டாது. ரா கோப்பிலோ எத்தனை திருத்தினாலும் அசல் அப்படியே கிடக்கிறது. இதை எடுத்துச் சொன்னபோது மாணவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கருமையை நீக்கி, பின்னணியை அரை ஸ்டாப் மட்டும் தணித்தார். இலைகள் வந்தன, புட்டியும் வந்தது. பறவை அப்போதும் தனித்தே தெரிந்தது. வரும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் குளத்துக்குப் போகிறாராம், நம்மையும் அழைத்திருக்கிறார். புட்டிகளைப் பொறுக்க ஒரு சாக்குப்பையும் எடுத்துவரச் சொன்னோம்.