யாருக்கு இந்த மறுமொழி?

குடும்பத்தினர் கூடியுள்ள கைப்பேசிக் குழுவில் ஒரு வஃபாத்துச் செய்தி வருகிறது. அதன் கீழே, "மாஷா அல்லாஹ்!" என்றொரு மறுமொழி. எழுதியவர் கல்நெஞ்சரல்லர். சற்று முன் வந்த பச்சிளங்குழந்தையின் படத்துக்கு அவர் கூறிய வாழ்த்து அது. இடையில் புகுந்த துயரச் செய்தியின் அடியில் போய் அமர்ந்துவிட்டது.

இதனைக் கைத்தவறு என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. குற்றம் விரலில் இல்லை, முறையில் இருக்கிறது. வந்த நேரப்படி அனைத்தையும் ஒரே சரட்டில் கோத்துக்கொண்டு போனால், அருகருகே நிற்பவை உறவுடையவை என்றே கண் நம்பும். காலவரிசை வேறு, கருத்துவரிசை வேறு.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் 'குர்ரத்துல் ஐன்' என்னும் மூலநூலை இயற்றி, அதற்குத் தாமே 'ஃபத்ஹுல் முஈன்' என்ற விரிவுரையும் தந்தார். சுமார் 300 ஆண்டுகளுக்குப் பின் மக்காவின் செய்யிது பக்ரீ, அவ்விரிவுரைக்கு 'இஆனத்துத் தாலிபீன்' என்னும் ஹாஷியாவை வரைந்தார். 'கவ்லுஹு', அதாவது 'அவர் கூற்று' என்று தொடங்கி, எச்சொல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் காட்டிய பின்னரே அவர் தம் விளக்கத்தை வைக்கிறார். 3 நூற்றாண்டு இடைவெளியிலும் அங்கே குழப்பமில்லை. நமக்கோ 3 நிமிட இடைவெளியே போதுமானதாக இருக்கிறது!

கருவி இல்லை என்பதும் வீண் சாக்கே. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகளிலேயே, ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாளமும், எம்மடலுக்கு இது விடை என்னும் குறிப்பும் இடம் பெற்றுவிட்டன. இன்று கைப்பேசியிலும் ஒரு செய்தியைச் சுட்டி அதற்கே விடையெழுத வழியுண்டு. வழியிருந்தும் நடப்பவர் இல்லை.

இதனால் இழப்பவர் யார்? ஓய்வுள்ளவர் இழப்பதில்லை, அவர் சொல்லே எப்போதும் கடைசியில் நிற்கும். அடுப்படியில் நிற்கும் பெண்மணியும், வளைகுடாவில் இரவுப்பணி முடித்து வரும் மகனுமே இழக்கின்றனர். மகளின் திருமணம் பற்றிய கேள்வி 200 செய்திகளுக்கு மேலே புதைந்து கிடக்கிறது. அவர்கள் தேடியெடுத்து விடை சொல்லும்போது, "அது முடிந்துபோன பேச்சாயிற்றே!" என்கின்றனர். யார் முடித்தது? எவரும் முடிக்கவில்லை, வரிசை கடந்துபோயிற்று, அவ்வளவே! பதில் சொல்ல வாய்ப்பில்லாதவரின் மௌனத்தைச் சம்மதமென்று கணக்கெழுதுவது மஷூராவாகுமா?

"கிளை கிளையாய்ப் பிரித்தால் சபை சிதறும், அனைவரும் அனைத்தையும் கேட்பதே ஒற்றுமை" என்று வாதிடுவோர் உளர். அவர் அச்சத்தில் உண்மையில்லாமல் இல்லை. கிளையொன்றில் மூவர் ஒதுங்கிக் கொண்டு ஊருக்கே முடிவு செய்துவிடக்கூடும். ஆகவேதான் கூறுகிறோம்: ஆராய்ச்சி அவ்வக் கேள்வியின் கீழ் நடக்கட்டும், முடிவை மட்டும் ஒருவர் பொதுவில் எடுத்துரைக்கட்டும். அனைவர் குரலும் ஒருங்கே ஒலிப்பது சந்தையிலும் உண்டு. அதனை ஒற்றுமை என்று யாரும் சொல்வதில்லை.

மறுமொழி எழுதுமுன், 'யாருக்கு? எதற்கு?' என்று ஒரு கணம் நின்று சுட்டுவோம். கேட்டவரின் கேள்வியை மதிப்பது அங்கேதான் தொடங்குகிறது.