குடிக்காதவருக்கும் ஈரல் நோயா?

 

இம்மாதம் என் வீட்டுக் கதையையே சொல்லப் போகிறேன். காக்காவிடம் அனுமதி பெற்றுத்தான் எழுதுகிறேன்.

என் மூத்த காக்கா உன்னிச்சையில் வயல் செய்பவர். மதுவின் வாடைகூட அறியாதவர். சில வருடங்களுக்கு முன் வயிற்று நோவுக்காக எடுத்த ஸ்கேனில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பது தெரிந்தது. வைத்தியர் எல்லாரிடமும் கேட்பது போல, "குடிப்பீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் காக்கா உடைந்து போனார். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் துண்டை அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டார். மகளுக்குக் கலியாணம் பேசிக் கொண்டிருந்த நேரம் அது. "ஈரல் வருத்தமெண்டு தெரிஞ்சா ஊர் என்ன கதைக்கும்?" என்று மதினியும் பயந்தார். இரண்டு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. மறுபடி பரிசோதித்தபோது ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது.

சகோதரிகளே, அந்த இரண்டு வருடத்தைப் பறித்தது எது? நோயா, ஊர் வாயா? ஒருவரைப் பற்றி வீணாகச் சந்தேகம் கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அந்தத் தடை இந்த விடயத்தில் ஓர் உயிரைக் காக்கும் மருந்தும்தான்.

மது அருந்தாதவருக்கு ஈரலில் கொழுப்பு எப்படி வரும்? நாம் உண்ணும் சோறும் சீனியும் உடம்பின் தேவைக்கு மிஞ்சினால், ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புச் சேர்ந்தால் அது நோய். பலருக்கு வலியோ காய்ச்சலோ எதுவும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஈரல் அழற்சி கொள்ளும். பின்னர் தழும்பு விழும். முடிவில் 'சிரோசிஸ்' என்ற நிலைக்குப் போகும்.

இது எங்கோ ஒருவருக்கு வரும் நோயல்ல. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007 இல் ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையான 2,985 பேரைப் பரிசோதித்தனர். அவர்களில் 32.6 சதவீதமானோருக்கு, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு, மதுவால் வராத இந்த ஈரல் கொழுப்பு இருந்தது. ஏழு வருடம் கழித்து, முன்பு நோயில்லாதிருந்தவர்களைத் திரும்பப் பார்த்தபோது அவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு அது வந்திருந்தது. அவர்களெல்லாம் குடிகாரர்களா? இல்லையே!

இனி, "இது எங்கள் பரம்பரையில் உள்ளது" என்று சொல்வோருக்கு வருவோம். அதிலும் உண்மை இருக்கிறது. 'பிஎன்பிஎல்ஏ3' என்ற மரபணுவில் உள்ள ஒரு சிறு மாற்றம் ஈரலில் கொழுப்பைத் தேங்க வைக்கிறது என்பதை 2008 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ராகமை மக்களிடமும் அந்தத் தொடர்பு காணப்பட்டது. உம்மா, வாப்பா இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். மெலிந்தவர் சிலருக்கும் இந்நோய் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் பரம்பரையே முடிவல்ல. உடற்பருமன் கூடக் கூட இம்மரபணுவின் கேடும் பெருகுகிறது என்று 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. வயலில் கோரைக் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. தண்ணீர் கிடைத்தால் எழும்புகிறது. கிழங்கு பெற்றோர் தந்தது. தண்ணீர் நமது சட்டியும் கோப்பையும்.

நமது சட்டியைப் பாருங்கள். வாப்பா காலத்தில் மாடு பிடித்து உழுதார்கள், நடந்தே வயலுக்குப் போனார்கள். இன்று உழவும் வெட்டும் மெசினில். வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். சோற்றுக் கோப்பை மட்டும் அன்றைய அளவிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருப்பவர். மாமி அள்ளி வைப்பதை மறுத்தால் மரியாதையில்லை. நோன்பு திறக்கும் நேரம் சமூசாவும் ரோல்ஸும் சர்பத்தும். நாளைக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஏறத்தாழ 50 கிராம். வளர்ந்த ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லையே அவ்வளவுதான். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்றும் அது சொல்கிறது. சோடாப் போத்தலும் பிஸ்கட்டும் இதற்கு மேல்.

என்ன செய்யலாம்? கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீன் அல்லது பருப்பு. வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீங்காத சிவப்பரிசி. சீனியை மாதம் மாதமாகக் குறையுங்கள், நாக்குப் பழகிவிடும். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். நிறையில் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்புக் குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். ஆனால் பட்டினி கிடந்து திடீரென மெலிய வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டபின் சாப்பாட்டை மாற்றுங்கள். இந்நோய்க்கென்று முதல் மருந்து 2024 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயினும் சாப்பாடும் நடையும்தான் இன்றும் அடிப்படை.

கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் இருந்தவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், இடுப்பளவு 80 சென்றிமீற்றரைத் தாண்டிய பெண்கள், 90 ஐத் தாண்டிய ஆண்கள் ஒருமுறை பரிசோதித்துக் கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தோரும் பாருங்கள். காக்காவுக்குப் பின் நானும் பார்த்தேன். எனக்கும் கொழுப்பு இருந்தது, தழும்பு இல்லை. 78 கிலோ இருந்த நான் ஒரு வருடத்தில் 72 ஆனேன். என் மனைவி சோற்றகப்பையைச் சிறிதாக்கியதுதான் இரகசியம்!

உலக வைத்தியச் சங்கங்கள்கூட 2023 இல் இந்நோயின் பெயரிலிருந்து 'மது' என்ற சொல்லை நீக்கிவிட்டன, நோயாளியின் மனம் நோகக் கூடாது என்பதும் அதற்கொரு காரணம். நாமும் நம் நாவிலிருந்து நீக்குவோம். காக்காவின் ஸ்கேன் துண்டு இப்போது அலுமாரியில் இல்லை. கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது. மாதா மாதம் மதினிதான் எடுத்துக் கொடுத்து அனுப்புகிறார். மகளின் கலியாணமும் நடந்து முடிந்தது.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தேக சுகத்தைத் தருவானாக!