பத்து டிகிரிக் கணக்கு

சென்னையில் கல்மண்டபத்துக்கு வடக்கே, மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில், சுங்கத்துறை 2015-இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் ஐந்து ஆண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏறியது. ஐந்து வருடத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். பெய்ரூட்டின் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் சும்மா கிடந்ததுதான்.

சும்மா கிடக்க வைப்பது கிளர்வு ஆற்றல்: வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய தடை. 30 டிகிரி செல்சியஸிலிருந்து 40-க்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் 1.6 சதவீதம்தான் கூடும். தடையைத் தாண்டும் வலுவுள்ள மோதல்களோ மடங்குக் கணக்கில் பெருகும். எத்தனை மடங்கு? கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்றால் 1.9; 100 என்றால் மூன்றரை. 'பத்து டிகிரிக்கு இரட்டிப்பு' என்று பயிற்சி வகுப்புகளில் நாம் ஒப்பிக்கும் வாய்ப்பாடு முதல் வகைக்கு மட்டும்தான் சரி. எல்லாச் சரக்குக்கும் அதையே போடுவது சோம்பேறித்தனம்.

அம்மோனியம் நைட்ரேட் தூயதாக இருந்தால் 170 டிகிரியில் உருகும். அதற்கு மேல் சூடானால்தான் குறிப்பிடும்படி சிதையும். குளோரைடும் கரிமப் பொருளும் கலந்தால் அந்த வரம்பு இறங்கிவிடும். நம் பக்கமோ கடற்காற்றில் உப்பு, ஷெட் தரையில் டீசல். போதாததற்கு, 32 டிகிரியில் அம்மோனியம் நைட்ரேட்டின் படிக அமைப்பு மாறுகிறது. சென்னையில் வெப்பநிலை அந்தக் கோட்டை நாள்தோறும் ஏறி இறங்கும் மாதங்கள் எத்தனை! குருணைகள் பொடிந்து, கட்டிதட்டிப் போகும்.

வேதியியலாளர் செமனோவ் 1928-இல் காட்டியது இன்னொன்று: வினை தரும் வெப்பம் அடுக்குக்குறியாகக் கூடும், வெளியேறும் வெப்பம் வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில்தான் கூடும். குவியல் பெருக்கப் பெருக்க, கன அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு சிறுத்துக்கொண்டே போகும். சில கிராம் மாதிரியை ஆய்வகத்தில் சூடாக்கிப் பெற்ற பாதுகாப்பு வரம்பை அப்படியே 20 டன்னுக்கு எழுதிவைக்க முடியாது.

வெப்பநிலையை எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். 2020 மே 7-இல் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் தொட்டி கட்டுமீறியபோது, வெப்பநிலை அளக்கப்பட்டது தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே. மேலே என்ன சூடு என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ணூர், திருவொற்றியூர் கிடங்குகளில் இருக்கும் நண்பர்கள் தங்கள் பதிவேட்டைப் புரட்டட்டும்: அதில் தினமும் ஏறும் எண் எங்கே எடுத்தது? சுவர் வெப்பமானியிலா, குவியலின் நடுவிலா?