ஓட்டமும் வீச்சும்

அமெரிக்க நாட்டார் 'புட்போல்' என வழங்கும் விளையாட்டு நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் காலால் உதைப்பது அதில் அருகியே நிகழும். கையில் ஏந்தி ஓடுவதும் கையால் வீசி எறிவதுமே அதன் உயிர்நாடி. றகர் ஆட்டத்தைக் கண்டு பழகியோர் அதனை அவ்வாட்டத்தின் உறவினர் வரிசையில் வைத்து எண்ணலாம். ஆயின் றகரில் பந்தை முன்னோக்கி எறிதல் குற்றம். அமெரிக்க ஆட்டத்திலோ அதுவே பெரும் படைக்கலம். ஓட்டம், வீச்சு என்னும் இவ்விரு வழிகளுள் எதனை எவ்வளவு கையாள்வது என்னும் வினா நூறாண்டுக்கு மேலாக அந்நாட்டுப் பயிற்றுநர்களின் உறக்கத்தைக் கெடுத்து வந்துள்ளது. விளையாட்டை நாடாதவர்க்கும் அவ்வினா பயன் தருவதாதலின், இவ்வாரம் அதனை எடுத்துக்கொள்வோம்.

ஆட்டத்தின் அமைப்பை முதலிற் சுருக்கமாக அறிதல் வேண்டும். ஒரு பக்கத்திற்குப் பதினொருவர். இரு முனைக் கோடுகளுக்கும் இடையே களத்தின் நீளம் 100 யார். பந்தை உடைய அணிக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அவற்றுள் 10 யார் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து மாற்றார் கைக்குப் போகும். முனைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளிகள். கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று. முயற்சிகள் பெரும்பாலும் 'குவாட்டர்பக்' எனப்படும் நடத்துநரின் கையிலேயே தொடங்கும். அவர் பந்தை ஓட்டக்காரரிடம் கையளிக்கலாம். அன்றி, முன்னே ஓடிச் செல்லும் தோழருக்கு வீசலாம்.

ஓட்டம் நிலத்தை உழுபவனின் வேலையைப் போன்றது. முன்னேற்றம் சிறிது சிறிதாகவே கிட்டும். ஆனால் பெருநட்டம் அரிது. ஓடுபவர் களத்தினுள்ளேயே மடக்கப்பட்டால் கடிகாரமும் நில்லாது ஓடும். வீச்சோ ஒரே எறியில் 40, 50 யாரைக் கடக்க வல்லது. எனினும் அதன் பின்னே மூன்று ஆபத்துக்கள் நிற்கின்றன. பந்து பிடிபடாவிடின் ஒரு முயற்சி வீணாகிக் கடிகாரம் நின்றுவிடும். வீசுமுன்னரே நடத்துநர் மடக்கப்பட்டால் நின்ற நிலமும் பறிபோகும். எதிரி இடைமறித்துப் பந்தைக் கவர்ந்தாலோ அனைத்தும் போகும்.

தொடக்கத்தில் இவ்வாட்டத்தில் முன்வீச்சு அனுமதிக்கப்படவில்லை. அக்காலத்தில் வீரர் கூட்டமாக மோதி, எலும்பு முறிவும் உயிரிழப்பும் நேர்ந்தன. 1905ஆம் ஆண்டில் ஜனாதிபதி தியோடோர் றூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். மறு ஆண்டிலேயே முன்வீச்சு விதிகளில் இடம்பெற்றது. எனினும் பயிற்றுநர் பலர் அதனை நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கினர். 1920இல் தோன்றிய தொழின்முறைச் சங்கம் 1922 முதல் 'நஷனல் புட்போல் லீக்' என்னும் பெயரைப் பூண்டது. மோதற் கோட்டுக்குப் பின்னால் எவ்விடத்திலிருந்தும் வீசலாம் என அச்சங்கம் விதியைத் தளர்த்தியது 1933இலேயே ஆகும்.

அதன் பின்னரும் ஓட்டமே அரசு செலுத்தியது. கிறீன் பே அணியைப் பயிற்றிய வின்ஸ் லொம்பார்டி, பக்கவாட்டாகச் சுற்றி ஓடும் ஓர் ஓட்டத்தைத் தம் அணியின் தூணாக்கி, 1961 முதல் 1967 வரையுள்ள காலத்தில் ஐந்து முறை வாகை சூடினார். 1972ஆம் வருடப் பருவத்தில் மயாமி அணி 17 ஆட்டங்களிலும் தோல்வி காணாது நின்றது. அவ்வணியின் லறி சொங்கா, மேர்க்குரி மொறிஸ் ஆகிய இருவரும் அப்பருவத்தில் 1000 யார் எல்லையை எட்டினர். 1974 ஜனவரியில் நடைபெற்ற 'சுப்பர் பௌல்' என்னும் இறுதிப் போட்டியில் மயாமியின் நடத்துநர் பொப் கிறீஸ் ஏழே ஏழு முறை பந்தை வீசினார். அணியோ 24–7 என வென்றது.

இக்காட்சியை மாற்றியவை 1978இன் விதிகள். பந்தைப் பிடிக்க ஓடுபவரை மோதற் கோட்டிலிருந்து ஐந்து யாருக்கு அப்பால் எதிரி தடுத்துத் தள்ளலாகாது என்று ஒரு விதி வந்தது. நடத்துநரைக் காக்கும் வீரர் கையை நீட்டித் தடுக்கலாம் என்று மற்றொன்று வந்தது. வீச்சுக்குக் கதவு திறந்தது. 1984இல் மயாமியின் இளைஞர் டான் மரீனோ ஒரே பருவத்தில் 5,084 யார் வீசி, அதுவரை எவரும் காணாத சாதனை படைத்தார். ஆயினும் 1985 ஜனவரி இறுதிப் போட்டியில் அவர் அணி சான் பிறான்சிஸ்கோவிடம் 38–16 எனத் தோற்றது. அன்று மரீனோ 50 முறை வீசினார். அவர் அணி ஓடியதோ ஒன்பதே முறை.

வீச்சையே நம்பியவர் கதை இது. ஓட்டத்தையே நம்பியவர் கதையும் உண்டு. 1973இல் பஃபலோ அணியின் ஓ. ஜே. சிம்சன் 14 ஆட்டங்களில் 2,003 யார் ஓடினார். ஒரு பருவத்தில் 2,000 யாரைக் கடந்த முதல்வர் அவரே. ஆனால் அவர் அணி இறுதிச் சுற்றுக்களுக்கேனும் தகுதி பெறவில்லை. டென்வர் அணியின் ஜோன் எல்வே, புகழ்பெற்ற வீச்சாளராயிருந்தும், மூன்று இறுதிப் போட்டிகளிற் தோற்றார். தெறல் டேவிஸ் என்னும் ஓட்டக்காரர் துணையாக வந்த பின்னரே, 1998 ஜனவரியில் அவர் முதன்முறையாகக் கிண்ணத்தைத் தொட்டார். அன்று டேவிஸ் 157 யார் ஓடினார். எல்வே வீசிப் பெற்றது 123 யார் மட்டுமே.

இவற்றைக் கேட்டதும், 'பாதி ஓட்டம், பாதி வீச்சு. அதுவே சமநிலை' என்று சொல்லத் தோன்றும். நெடுங்காலம் அவ்வாறே சொல்லியும் வந்தனர். 'அதிகமுறை ஓடிய அணியே பெரும்பாலும் வெல்கிறது. எனவே ஓடுங்கள்' என்று புள்ளிவிபரங் காட்டியவரும் உளர். இங்கேதான் மாணாக்கர் விழிப்பாயிருத்தல் வேண்டும். கோழி கூவியதாலோ பொழுது விடிகிறது? முன்னிலையில் நிற்கும் அணி, பிற்பகுதியில் நேரத்தைக் கரைப்பதற்காக ஓடுகிறது. பின்தங்கிய அணி, நேரம் போதாமையால் வீசுகிறது. ஆகவே பலவேளைகளில் ஓடியதால் வெற்றி வந்ததன்று; வெற்றி நெருங்கியதால் ஓட்டம் வந்தது. காரியத்தைக் காரணமாகக் கொள்ளும் இப்பிழை விளையாட்டுக் களத்தோடு நின்றுவிடுவதன்று.

மறுபுறத்தே, 'அப்படியாயின் எப்பொழுதும் வீசினால் என்ன?' என்று கேட்கலாம். இற்றைநாட் தொழின்முறை ஆட்டத்தில் ஓர் ஓட்டத்தின் சராசரிப் பயன் நான்கு யாருக்குச் சற்று மேல். வீச்சின் பயனோ, நடத்துநர் மடக்கப்படும் வேளைகளையும் சேர்த்துக் கணித்தாலும், ஆறு யாருக்கு மேல். ஆயினும் ஒருவன் எப்பொழுதும் வீசுவான் என்பது தெரிந்துவிடின், மாற்றார் ஓட்டத்தைக் காக்க நிறுத்திய வீரரையும் பின்னே அனுப்பி வழிகளை அடைப்பர்; முன்வரிசையினர் அச்சமின்றி நடத்துநர்மேற் பாய்வர். ஆறு யார் ஐந்தாகும், நான்காகும். ஹங்கேரியிற் பிறந்த கணித அறிஞர் ஜோன் வொன் நோய்மன் 1928இல் இத்தகைய மோதல்களைக் கணிதமாக ஆராய்ந்தார். ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதாகும் ஆட்டத்தில், ஒரே வழியைப் பற்றி நிற்பதினும், வழிகளைத் தகுந்த விகிதத்திற் கலந்து, மாற்றான் ஊகிக்க இயலாதவாறு கையாள்வதே பலவேளைகளிற் சிறந்தது என்பது அவர் கண்ட முடிபின் சாரம். அவ்விகிதம் பாதிக்குப் பாதியாய் இருக்கவேண்டும் என்பதில்லை. இன்றைய அணிகள் பெரும்பாலும் ஓடுவதினும் மிகுதியாக வீசுவதும் இதனோடு முரணாது.

சமநிலைக்கு வேறு வேடமும் உண்டு. சான் பிறான்சிஸ்கோவைப் பயிற்றிய பில் வோல்ஷ், குறுகிய வீச்சுக்களை ஓட்டத்தின் தொழிலைச் செய்யுமாறு அமைத்தார். அவர் அணியின் றொஜர் கிறெய்க் 1985இல் ஓடியும் 1000 யார், பிடித்தும் 1000 யார் எனப் பெற்ற முதல்வரானார். இன்னொன்று பொய்யோட்டம். நடத்துநர் பந்தைக் கையளிப்பதுபோல் நடித்து, எதிரி முன்பாய்ந்ததும் அவன் விட்ட வெளியிலே வீசுவார். உண்மை ஓட்டம் நன்கு நடந்தாலன்றிப் பொய்யோட்டம் பலியாது என்று முன்னர் நம்பினர். அண்மைக்கால ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தோர், அதிகம் ஓடாத அணிக்கும் அது பலிப்பதைக் கண்டனர். ஓட்டத்தின் சாயல் தெரிந்தவுடனே முன்பாய்வது தடுப்பவனின் ஊறிய பழக்கமாதலின், அச்சாயலே போதியதாகின்றது.

இனி, பலரும் வாதிட்ட இரு நிகழ்ச்சிகளை நோக்குவோம். 2015 பெப்ரவரி இறுதிப் போட்டியில் சியாற்றில் அணி 24–28 எனப் பின்னிற்க, எஞ்சியது 26 வினாடி. கடக்கவேண்டியது ஒரே யார். கையில் மூன்று முயற்சிகள். வலிமை மிக்க மார்ஷோன் லிஞ்ச் ஓடுவார் என உலகமே எதிர்பார்த்தது. பயிற்றுநர் பீற் கரோல் வீசச் செய்தார். நியூ இங்கிலாந்தின் மல்கம் பட்லர் இடைமறித்துக் கவர்ந்தார், ஆட்டம் முடிந்தது. கரோல் இன்றுவரை ஏச்சுக் கேட்கிறார். ஆயின் அமைதியாக எண்ணுக. எதிரணி ஓட்டத்தைத் தடுக்கவே அணிவகுத்து நின்றது. கடிகாரத்தை நிறுத்தச் சியாற்றிலுக்கு எஞ்சிய உரிமை ஒன்றே. வீச்சுப் பிடிபடாவிடினும் கடிகாரம் தானே நிற்கும். மூன்று முயற்சிகளையும் பயன்படுத்த விரும்புவோன் ஒருமுறையேனும் வீசுவது அறிவீனமன்று. முடிவு கொடிதாயிற்று, ஆனால் முடிபு எடுத்த முறைக்குத் தக்க காரணம் இருந்தது.

இரண்டாண்டின் பின், 2017 பெப்ரவரியில், அற்லாந்தா அணி 28–3 என முன்னின்று, பின்னர் 28–20 என நெருக்கப்பட்டது. ஐந்து நிமிடத்திற்குக் குறைந்த நேரமே எஞ்ச, பந்து எதிரியின் 22 யார் எல்லையில் அதன் கையில் இருந்தது. உதைத்து மூன்று புள்ளி பெறின் முன்னிலை 11 ஆகும். ஒருமுறை கோட்டைக் கடந்து எதிரி எட்டிவிட முடியாது. நேரமும் நிலமும் ஓட்டத்தையே வேண்டின. ஒருமுறை ஓடி ஒரு யார் இழந்ததும், மீண்டும் வீச முனைந்தனர். நடத்துநர் மற் றயன் மடக்கப்பட்டு 12 யார் போயிற்று; அடுத்து விதிமீறலால் 10 யார் போயிற்று; உதைக்கும் தூரமும் கடந்தது. நியூ இங்கிலாந்து சமன் செய்து, மேலதிக நேரத்தில் 34–28 என வென்றது. முன்னையதில் வீச்சுக்குக் காரணம் இருந்தது. பின்னையதில் மிக அரிதாகவே இருந்தது. ஆயினும் உலகம் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தது.

2024ஆம் வருடப் பருவத்தில் பிலடெல்பியாவின் சேக்குவன் பார்க்லி 2,005 யார் ஓடினார். 2025 பெப்ரவரி இறுதிப் போட்டியிற் கன்சாஸ் நகர அணி அவரை அடக்குவதிலேயே கருத்தூன்றியது. அவரும் 25 முறை ஓடி 57 யாரே பெற்றார். ஆனால் அவர்மேல் வைத்த கண் ஜேலன் ஹேட்ஸ் மேல் வைக்கப்படாத கண்ணாயிற்று. ஹேட்ஸ் வீசியும் ஓடியும் ஆட்டத்தைக் கைப்பற்ற, பிலடெல்பியா 40–22 என வென்றது. ஓட்டம் தான் பலியாத நாளிலும் வீச்சுக்கு வழி திறந்தது. எண்ணிக்கையில் மட்டும் சமநிலையைத் தேடுவோர் இதனைக் காணார்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். தன் வலியும் மாற்றான் வலியும், எஞ்சிய நேரம், நிற்கும் நிலம் என இம்மூன்றையும் எடைபோட்டே ஓட்டமோ வீச்சோ தெரியப்படுகிறது. சமநிலை என்பது சரிபாதியாகப் பங்கிடுதல் அன்று. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு இடுதலே ஆகும். நேரசூசியில் எல்லாப் பாடங்களுக்கும் ஒரேயளவு நேரம் ஒதுக்கிவிட்டு, வலிந்த பாடத்தையும் மெலிந்த பாடத்தையும் ஒன்றாகவே பயிலும் மாணவன் இதனை எண்ணிப் பார்ப்பானாக.

பெற்றோருக்கும் ஒரு சொல். பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில், பிள்ளை எடுத்த முடிவுகள் யாவும் பிழையென்றோ யாவும் சரியென்றோ அப்பெறுபேறு ஒன்றைக் கொண்டே தீர்ப்பளித்து விடுகிறோம். நன்கு சிந்தித்து முயன்றவன் தோற்பதுமுண்டு. சிந்தியாது முயன்றவன் வெல்வதுமுண்டு. முன்னவனை ஏசினால் அடுத்தமுறை அவன் சிந்திப்பதையே கைவிடுவான். என்ன கிடைத்தது என்று கேட்குமுன், எப்படி எண்ணித் துணிந்தாய் என்று அவனைக் கேட்டறிதல் நன்று.