ஒட்டினால் மட்டும் போதுமா?

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் மிட்டாய்க் கடையை நாடி ஓடும் நமக்கு அது நினைவுக்கு வருவதில்லை! எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு வந்தாள். ஓராண்டு கழிந்தது. அடைத்த இடத்தின் ஓரத்திலேயே மீண்டும் சொத்தை. இம்முறை பல்லையே பிடுங்க நேர்ந்தது. அடைப்பு அப்படியே இருக்க, பல் மட்டும் கெட்டது எப்படி? இவ்வினா எங்களைச் சிந்திக்கத் தூண்டியது.

பல்லின் நிறத்திலேயே அடைக்கப்படும் பசை அக்ரிலிக் இனத்தைச் சேர்ந்த பாலிமர். சிறு மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகி இறுகுவதே பாலிமர். வழவழப்பான பல்லில் அது பிடிக்க வழிகாட்டியவர் அமெரிக்காவின் மைக்கேல் புவனகோர். 1955-ல் அவர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினார். அக்ரிலிக் அதில் நன்கு பற்றிக்கொண்டது. எனினும், பசை இறுகும்போது சற்றே சுருங்குகிறது. ஓரத்தில் மயிரிழை போன்ற இடைவெளி விழுந்தால் போதும். கிருமிகள் உட்புகுந்து, சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரித்துவிடும்.

பசையில் கிருமிநாசினியைக் கலந்துவிட்டால் என்ன? கலந்த மருந்து நாளடைவில் உமிழ்நீரில் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சதோஷி இமசாதோ குழுவினர் வேறு வழி கண்டு, 1994-ல் வெளியிட்டனர். எம்.டி.பி.பி. என்னும் அவர்களுடைய மூலக்கூறின் ஒரு முனை கிருமியைத் தாக்கும். மறுமுனை அக்ரிலிக் சங்கிலியில் ஒரு கண்ணியாகவே பிணைந்துவிடும். அது வந்து போகும் விருந்தாளியன்று. வீட்டோடு தங்கிய காவலாளி! அதன் நேர்மின்னேற்றம், எதிர்மின்னேற்றம் கொண்ட கிருமியின் மேலுறையைச் சிதைக்கிறது. இம்மூலக்கூறு சேர்ந்த பல் பசை பின்னர் விற்பனைக்கும் வந்தது.

"இனிப் பல் துலக்குவானேன்?" என்று சிலர் கேலியாகக் கேட்கலாம். அது தவறு என்பதே எங்கள் கருத்து. இறுகிய பசையில் பிணைந்த இக்காவலாளி, தன்னைத் தொடும் கிருமியை மட்டுமே தடுக்கும். அழுக்கும் இறந்த கிருமிகளும் அதன்மேல் படிந்தால் அதன் ஆற்றல் குன்றும். அப்படிவை அகற்ற வேண்டியது நம் கையிலுள்ள பிரஷ்தான்.

விஞ்ஞானம் நமக்குத் துணை நிற்கும். நம் கடமையை அது செய்யாது. தோழியரே, இன்றிரவு உறங்கச் செல்லுமுன் பல் துலக்க மறவாதிருப்போமா?