பிழைக்கத் தெரியாதவரா?

செல்போனுக்குப் பெருமை எல்லாம் கம்பெனி முதலாளிகளுக்கே போகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

சிப்பைத் தயாரிக்கும் முன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். எந்த வோல்டேஜுக்கு டிரான்சிஸ்டரில் எவ்வளவு கரண்ட் பாயும் என்று சொல்லும் சமன்பாடுகள் அதற்கு வேண்டும். அவை பிசகினால் கோடிக்கணக்கில் நஷ்டம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சென்மிங் ஹூவும் அவர் மாணவர்களும் அவற்றை 'பீசிம்' என்ற பெயரில் எழுதி, காசு வாங்காமல் உலகுக்கே கொடுத்தார்கள். 1990களில் கம்பெனிகளே கூடி அதைப் பொதுத்தரமாக ஏற்றன.

"ராயல்டி வாங்காமல் விட்டாரே, பிழைக்கத் தெரியாதவர்" என்கிறார் நண்பர் ஒருவர். பூட்டி வைத்திருந்தால் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு திண்டாடியிருப்பார்கள். அது அரசுப் பல்கலைக்கழகம் ஐயா, அங்கே விளைந்தது பொதுச்சொத்து! அவரோ 2001-ல் தைவானின் டிஎஸ்எம்சி கம்பெனிக்குத் தொழில்நுட்பத் தலைவராகவே போனவர். சில வருஷத்தில் மறுபடி வகுப்பறைக்குத் திரும்பிவிட்டார்.