வமிசத்தை அறிவது எதற்காக?

ஓய்வு நேரத்தில் தம் முன்னோரின் வரலாற்றைத் தேடித் தொகுப்பது இனியதொரு பொழுதுபோக்கு. வேலூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழிலால் பெயர் பெற்ற நம் ஊர்களில் இதற்கான வாய்ப்பு மிகுதியாக உண்டு. மார்க்கம் இதை எவ்வாறு நோக்குகிறது என்பதைச் சிந்திப்போம்.

மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்றும், இறையச்சமுடையவரே கண்ணியமிக்கவர் என்றும் அல்லாஹுத் தஆலா சூரத்துல் ஹுஜுராத்தில் அறிவிக்கிறான். உறவைச் சேர்ந்து வாழும் அளவுக்கு வமிசத்தை அறிந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. குறைஷியரின் வமிசத்தை நன்கு அறிந்தவர் ஹளரத் அபூபக்ர் (ரலி) அவர்கள். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அவர்களிடம் சென்று கேட்டறியுமாறு பெருமானார் பணித்தார்கள். குர்துபாவில் பிறந்து 1064இல் மறைந்த இமாம் இப்னு ஹஸ்ம் அவர்கள் அரபு வமிசங்களைப் பற்றித் தனி நூலே யாத்தார்கள். ஆகவே, இது நம் முன்னோர் போற்றிய கலை.

எங்கிருந்து தொடங்குவது? பெட்டியின் அடியில் கிடக்கும் கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தரில் மணமக்கள், தந்தையர், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களும் மஹர் தொகையும் இருக்கும். வக்ஃபு சாசனங்கள், கபரஸ்தானில் நிற்கும் மீஸான் கற்கள், பழைய கணக்கேடுகள் யாவும் பேசும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட காலத்தில் பாட்டனார் எந்தக் குழியருகே நின்றார், சென்னைப் பெரியமேட்டுக்கு எப்போது சரக்கு அனுப்பினார் என்பது ஒரே ஏட்டில் புலப்படக்கூடும். இத்தகைய தாள்கள் பல உருதுவில் இருக்கும். அவ்வெழுத்தை வாசிக்கும் நானாவும் நானியும் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறந்துபோன ஒரு பெயர் கிடைக்கும்போது உள்ளத்தில் எழும் களிப்புக்கு ஈடில்லை!

எனினும், இதில் உண்மை பேணப்பட வேண்டும். நவாப் அன்வருத்தீன் கான் வீழ்ந்த 1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரோடும், திப்பு சுல்தானின் குடும்பத்தார் 1799க்குப் பின் வைக்கப்பட்டிருந்த வேலூர்க் கோட்டையோடும், அங்கே வெடித்த 1806ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடும் தம் மூதாதையரைத் தொடர்புபடுத்திச் சொல்லக் கேட்கும்போது நெஞ்சம் நிமிரத்தான் செய்யும். ஆனால், ஹதீஸ் கலை வல்லுநர்கள், "யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்?" என்று ஸனதை ஆராயாமல் ஒரு செய்தியையும் ஏற்கவில்லை. அதே அளவுகோலைக் குடும்பக் கதைக்கும் வையுங்கள். ஆதாரம் இருந்தால் எழுதுங்கள்; இல்லையேல் "செவிவழிச் செய்தி" என்று குறியுங்கள். தனக்குரியதல்லாத வமிசத்தை அறிந்தே உரிமை கொண்டாடுவது கடும் பாவம் என்று நபிமொழி எச்சரிக்கிறது. முன்னோரின் குறைகளைக் கிளறி அம்பலப்படுத்துவதும் கூடாது.

இன்னொன்றைக் கனிவோடு கூற விரும்புகிறேன். வரையப்படும் வமிச விருட்சங்கள் பலவற்றில் ஆண்களின் பெயர்களே கிளைகளாக நிற்கின்றன. பெண் மக்களின் பெயர்கள் எங்கே? தொழிற்சாலை அதிபரின் பெயர் பெரிதாக இருக்கும். சுண்ணாம்புக் குழியில் காலமெல்லாம் உழைத்த அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரின் பெயர் இராது. இது நீதியா? தாய் தந்தையரும் நெருங்கிய உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்று சூரத்துன்னிஸா விதித்திருக்கிறது. ஏட்டில் மறையும் பெயரின் பங்கும் எளிதில் மறைந்துவிடுகிறது.

பழைய பத்திரத்தை ஆராயும்போது, பாட்டனாரின் சகோதரிக்குச் சேரவேண்டிய வாரிசுப் பங்கு இன்றளவும் கொடுக்கப்படவில்லை என்பது தெரியவந்தால் என் செய்வீர்? தாளை மடித்து மீண்டும் பெட்டியில் வைத்துவிடுவீரா? ஆண்டுகள் பல கடந்ததால் ஷரீஅத்தில் அந்த உரிமை அழிந்துவிடாது. மார்க்க அறிஞரிடம் பாகப்பிரிவினைக் கணக்கைக் கேட்டு, அவருடைய வாரிசுகளைத் தேடிச் சென்று ஒப்படைப்பதே இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய பேறு. பொழுதுபோக்காகத் தொடங்கியது அப்போது இபாதத்தாக உயர்ந்துவிடும்.

எகிப்து மக்களிடம் நன்முறையில் நடக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் வஸிய்யத் செய்தபோது, அவர்களோடு இரத்த உறவு உண்டு என்பதையும் காரணமாகக் கூறினார்கள். இஸ்மாயீல் (அலை) அவர்களின் அன்னை ஹாஜரா அம்மையார் எகிப்தியர் என்பதே அவ்வுறவு என்று உலமாக்கள் விளக்குகின்றனர். எத்தனை தலைமுறைக்கு முந்திய உறவு! அதுவும் ஒரு தாய் வழியாக வந்த உறவு! அதையே பேணச் சொன்ன நபியின் உம்மத்தினர், அடுத்த தெருவில் வாடும் பூபியின் பேரனை அறியாதிருக்கலாமா?

செயல் எவரைப் பின்தள்ளுகிறதோ அவரை வமிசம் முன்தள்ளாது என்பதும் நபிமொழியே. மேல்விஷாரத்து அப்துல் ஹகீம் சாஹிப் 1938இல் மறைந்தார். 1965 முதல் அவர் பெயர் தாங்கி ஒரு கல்லூரி நிற்கிறது. 1924இல் காகா முஹம்மது உமர் சாஹிப் தொடங்கிய மத்ரஸாவால் உமராபாத் உலகறிந்தது. இவர்களின் பெயரை நிலைநிறுத்தியது இவர்களின் கொடையே.

இன்று ஜும்ஆவுக்குப் பின் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, அறிந்த உறவினர் அனைவரின் பெயரையும் எழுதுங்கள். நெடுநாளாகப் பேசாத ஒருவரின் பெயர் அதில் கண்ணில் பட்டால், முதலில் அவர் வீட்டுக்குச் சென்று ஸலாம் கூறுங்கள். எஞ்சிய ஆராய்ச்சியைப் பிறகு தொடரலாம். உறவைச் சேர்ந்து வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.